முகத்துக்கும் ஒரு மோஸ்தர்

சென்ற மே மாதம் பெர்ன்ஹில்லில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மாலை ஆறு மணிக்கு என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பெண் வீட்டார் எனக்கு வெகு நாள் சிநேகிதம் ஆகையால் மூன்று மணிக்கே போய்விட்டேன். அப்படி முன்னதாகப் போனதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆறு மணிக்குப் போயிருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையுடன் திரும்பியிருப்பேன்.

மண்டபத்தை ஒட்டிய அறையில் மணப்பெண்ணை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கோயமுத்தூரிலிருந்து ஒப்பனைக்காரப் பெண் ஒருத்தி, இரண்டு உதவியாளர்கள், மூன்று பெட்டிகள், சுற்றிலும் பல்பு பதித்த ஒரு கண்ணாடி, எல்லாம் வந்து இறங்கியிருந்தன. மணப்பெண் பல் வைத்தியரிடம் வந்தவளைப் போல முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடி, அசையாமல் இருந்தாள். முதலில் நீர் போன்ற ஒரு திரவம். அது உலர்ந்ததும் ஒரு களிம்பு. அதன்மேல் தோல் நிறத்தில் ஒரு பூச்சு. கண்ணுக்குக் கீழே ஒரு நிறம், மூக்கின் இரு பக்கமும் வேறு நிறம். பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அப்புறம் பெயிண்ட் அடிக்கிறார்களே, அந்தக் கிரமம்தான். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, முகத்தில் பூசிய அந்த முதல் பூச்சுக்கும் பிரைமர் என்றுதான் பெயராம்.

அறையின் மூலையில் பெண்ணின் பாட்டி உட்கார்ந்திருந்தாள். படுகர் குடும்பத்து மூத்தவள். எண்பது வயதைத் தாண்டியவள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணிக் கட்டு. நெற்றியில் பச்சை குத்திய புள்ளிகளும் கோடுகளும். நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறம் மங்கி, பாதி சுருக்கங்களுக்குள் மறைந்து போயிருந்தது.

பேத்தியின் முகத்தை ஒருவாறு முடித்த ஒப்பனைக்காரி, சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். பெண்ணின் தாயாருக்குக் கொஞ்சம், சித்திக்குக் கொஞ்சம் என்று தீற்றிவிட்டுப் பாட்டியிடம் வந்தாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"பாட்டி, நெத்தியில இருக்கிறதைக் கொஞ்சம் மறைச்சு விட்டுடட்டுமா? போட்டோவில அழுக்கு மாதிரி விழும்."

அறையில் பேச்சு நின்றுவிட்டது. மணப்பெண் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். பாட்டி என்ன பதில் சொன்னாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது இதுதான்: எழுபது, எழுபத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் இதே நெற்றியில் இந்தப் புள்ளிகள் இல்லாதிருந்தால் இவளை முழுப் பெண் என்றே எண்ணியிருக்க மாட்டார்கள். அவை இல்லாவிட்டால் குறை. இன்று அவை இருப்பது குறை. நெற்றி ஒன்றுதான், இடையில் வந்து சட்டத்தை மாற்றியது யார்?

மோஸ்தர் மாறுவதற்குக் காரணம் பெண்ணின் சபல புத்தி என்று எழுதிவிடுவது சுலபம். ஆண் எழுத்தாளர்கள் பலர் அப்படி எழுதி, பாராட்டும் வாங்கியிருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு நான் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் உட்காருவது பெண் என்பது வாஸ்தவம். ஆனால் அவள் உட்காருவதற்கு வெகு காலம் முன்பே, அவள் காலெடுத்து வைக்காத இடங்களில் முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது: நோய்ப் படுக்கையில், யுத்த களத்தில், வரி போடும் சபையில், விளக்குச் செய்கிற பட்டறையில்.

அதற்கு உதாரணம் தேட நான் வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மைசூர் ராஜாக்களின் கோடை அரண்மனை பெர்ன்ஹில்லில்தான் இருக்கிறது. 1844இல் ஒரு வெள்ளைக்காரக் காப்டன் கட்டிய பங்களா அது. 1873இல் மைசூர் அரச குடும்பம் அதைப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிற்று என்கிறார்கள். (இன்று அந்தத் தொகைக்கு மணப்பெண்ணின் மூன்று பெட்டிகளில் ஒன்றுகூட நிரம்பாது.) பின்னாளில் அது ஹோட்டலாயிற்று. காகிதக் கூழில் விதானம் செய்த அதன் நடன மண்டபம் பிரசித்தமானது.

அந்த அரச குடும்பத்துப் பெண்களின் முகத்தைப் பற்றி ஓர் அபூர்வமான சாட்சியம் இருக்கிறது. தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ் ஓவியர் 1805ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய படம். மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பை விலக்கி இடது கையைச் சுட்டிக் காட்டுகிறாள். இன்னொருத்தியின் மூக்கையும் வாயையும் சுற்றி நிறம் வெளிறிக் கிடக்கிறது. நெடுநாள் இவர்களை ஆடல் மகளிர் என்றே நினைத்திருந்தார்கள். பிறகு ஓர் ஆராய்ச்சியாளர் வேறு விளக்கம் சொன்னார். இவர்கள் மைசூர் ராணிகள். கையைக் காட்டுகிறவள் புதிதாக வந்த அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டவள். வெளிறிய முகத்துக்காரி, அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் உறிஞ்சுகிற பழைய முறையில் காப்புச் செய்துகொண்டவள் என்பது அவர் வாதம். மறுப்பவர்களும் உண்டு. ஆனால் காலம் பொருந்தி வருகிறது. ஜென்னர் பசு அம்மைப் பாலைக் குத்திப் பார்த்தது 1796இல். அது பம்பாய்க்கு வந்து சேர்ந்தது 1802இல்.

அம்மைக்கும் அலங்காரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இன்று நாம் காணும் மனித முகங்களில் அம்மைத் தழும்பு அநேகமாக இல்லை. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975இல். அதற்கு முந்திய தலைமுறைகளில் வழுவழுப்பான கன்னம் என்பதே ஒரு பாக்கியம். ஐரோப்பியச் சீமாட்டிகள் தழும்பை மறைக்க ஈயத்தில் செய்த வெள்ளைப் பூச்சை அப்பினார்கள். அதற்கும் அடங்காத குழியின்மேல் கறுப்புப் பட்டுத் துணியைப் பிறையாகவும் நட்சத்திரமாகவும் நறுக்கி ஒட்டிக்கொண்டார்கள். நம் ஸ்டிக்கர் பொட்டுக்கு வெகு மூத்த அக்கா அது. ஈயமோ தோலை அரிக்கும். அரித்ததை மறைக்க இன்னும் கொஞ்சம் பூச வேண்டும். லண்டனையே மயக்கிய பேரழகி என்று பெயர் வாங்கிய கவென்ட்ரி சீமாட்டி 1760இல் இருபத்தேழு வயதில் இறந்து போனாள். அந்த வெள்ளைப் பூச்சுதான் காரணம் என்று ஊர் பேசிற்று.

தலைக்குத் தூவுகிற பவுடரின் கதை இன்னும் வேடிக்கை. பெரிய மனிதர்கள் ஆணும் பெண்ணுமாக மாவுப் பொடியைத் தலையில் கொட்டிக்கொண்டு திரிந்த காலம். 1795இல் இங்கிலாந்துச் சர்க்கார் யுத்தச் செலவுக்காக அந்தப் பொடிக்கு ஆண்டுக்கு ஒரு கினி என்று வரி போட்டது. பிரான்சிலே பவுடர் போட்ட பிரபுக்களின் தலைகள் ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தன. சில வருஷங்களில் பவுடர்த் தலை கிழவர்களுடையதாகிவிட்டது. கவிஞர் எவரும் பாடி அதை ஒழிக்கவில்லை; ஒரு வரிச் சட்டமும் ஒரு புரட்சியும் போதுமானதாக இருந்தன.

நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் வந்த காலத்தில் நிலைமை தலைகீழாகியிருந்தது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். 1870 முதல் சென்னை ராஜதானியின் கோடைத் தலைநகர் இதுவே ஆயிற்று. துரைமார்களோடு துரைசானிகளும் வந்தார்கள். வெயிலுக்குப் பயந்து வந்தார்கள் என்றால் அதில் உஷ்ணத்தைப் பற்றிய பயம் பாதி. நிறத்தைப் பற்றிய பயம் பாதி. அகலத் தொப்பி, முகத்திரை, கையுறை, குடை. வெளுத்த முகம் அவர்கள் அதிகாரத்துக்கே அத்தாட்சி. ஆனால் அந்த முகத்தில் ஒரு பூச்சும் வெளிப்படையாகப் பூசக் கூடாது! விக்டோரியா ராணி காலத்து மரியாதை அது. சாயம் பூசுபவள் நாடகக்காரி. குடும்ப ஸ்திரீ கன்னத்தைக் கிள்ளிச் சிவப்பாக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அரிசிப் பொடியை ரகசியமாக ஒற்றிக்கொண்டு, 'இயற்கை' என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், மலைக்குக் கீழே நம்மவர்களும் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தார்கள். முகத்துக்குப் பவுடர் பூசினால், 'என்னடி, நாடகக்காரி மாதிரி?' என்று அதட்டுவார்கள். ஒரு காலத்தில் நாம் அவ்வளவு கஞ்சர்கள் அல்லர். தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் தொய்யில் எழுதிய பெண்கள் சங்கப் பாட்டுக்களில் வருகிறார்கள். சிலப்பதிகாரத்து மாதவி நீராடப் புகுந்தால் துவர், விரை, ஓமாலிகை என்று மொத்தம் 47 சரக்குகள் ஊறிய தண்ணீர் வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் மாதவியும் கணிகைதான் என்பதைக் கவனியுங்கள். கண்ணகிக்கு இப்படிப் பட்டியல் கிடையாது.

குடும்பப் பெண்ணுக்கு இருந்த அலங்காரத்துக்கு அலங்காரம் என்று பெயரில்லை. மங்கலம் என்று பெயர். மஞ்சள், குங்குமம், கண் மை, மருதாணி. ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைத்த சாந்து. ஆமணக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்துக் குழைத்த மை. எல்லாம் வீட்டுச் சரக்கு, காசு செலவில்லை. ஆனால் மங்கலம் என்று ஒருவர் கொடுத்ததை இன்னொரு நாள் பிடுங்கிக்கொள்ளலாம்.

என் பாட்டிக்கு அப்படித்தான் நடந்தது. தாத்தா போனபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மஞ்சள் போயிற்று, குங்குமம் போயிற்று, மைச் சிமிழ் போயிற்று. முகம் பார்க்கிற கண்ணாடியைக்கூட எடுத்து வைத்துவிட்டார்களாம். ஆனால் பாட்டியின் புருவங்களுக்கு நடுவில் கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. ஆறு வயதில் ஊருக்கு வந்த குறத்தி குத்திவிட்டது. கூலி ஒரு படி நெல்லும் கொஞ்சம் எண்ணெயும். சடங்கு செய்ய வந்த பெண்கள் குங்குமத்தைத் துடைத்த பின்னும் அது அப்படியே இருந்தது. துடைத்தவள் இரண்டாம் தடவை அழுத்தித் துடைத்தாளாம். பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பாள். நான் சிறுமியாக இருந்தபோது அது பொட்டு என்றே நினைத்திருந்தேன். கல்யாண வீடுகளில் எதிரே வரக் கூடாது என்று ஒதுங்கி நின்ற பாட்டி, அந்தப் புள்ளியோடுதான் ஒதுங்கி நின்றாள்.

பச்சை குத்துவது அநாகரிகம் என்று என் தாயார் தலைமுறை முடிவு கட்டிற்று. பள்ளிக்கூடம் போன பெண்களுக்கு அது பட்டிக்காட்டின் முத்திரையாகத் தெரிந்தது. நீலகிரியிலும் அதுவே நடந்தது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தோடர்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட பெரிய புத்தகம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துத் தோடப் பெண்கள் உடம்பில் புள்ளி வரிசையாகப் பச்சை குத்திக்கொண்டிருந்தார்கள். கூந்தலுக்கு வெண்ணெய் தடவிச் சுருள் சுருளாகத் தொங்கவிட்டார்கள். 1840களில் மலையேறி வந்த துரைசானிகளும் அதே மாதிரி காதோரம் சுருள் விட்டவர்கள்தாம். அவர்களுக்கு அதற்குக் காய்ச்சிய இடுக்கி தேவைப்பட்டது. பத்து வருஷத்தில் அவர்கள் அதைக் கைவிட்டு வேறு கொண்டைக்குப் போய்விட்டார்கள். தோடப் பெண்கள் அவசரப்படவில்லை. இப்போது பச்சை குத்திய முகங்களை இந்த மலையில் பாட்டிகளிடம்தான் பார்க்கலாம். நகரத்துப் பேத்திகளோ ஆயிரக்கணக்கில் கொடுத்து மணிக்கட்டில் வண்ணத்துப்பூச்சி குத்திக்கொள்கிறார்கள். அதற்கு டாட்டூ என்று பெயர்.

கல்யாண மண்டபத்துக்கே திரும்பி வருகிறேன். ஒப்பனை அறையிலிருந்து வெளியே வந்தபோது, பெண்ணின் தாய்மாமா தாழ்வாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். உதகையில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே நடந்ததைச் சொன்னேன்.

"போட்டோவில அழுக்கா விழும்னாளா? விழும். எது எப்படி விழும்கிறது முகத்தைப் பொறுத்ததில்லைங்க, பிலிமைப் பொறுத்தது" என்றார்.

அதன் பிறகு அரை மணி நேரம் அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் மேலும் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மோஸ்தரின் சரித்திரத்தில் இவ்வளவு ரசமான அத்தியாயம் வேறில்லை.

நம் மேடை நடிகர்களுக்கு முகப்பூச்சு என்றால் அரிதாரம். மஞ்சள் நிறமான தாதுப் பொருள். பாஷாண வகையைச் சேர்ந்தது. ஐரோப்பியச் சீமாட்டிக்கு ஈயம், நமக்கு ஆர்செனிக். தீவட்டி வெளிச்சத்தில் ஐம்பதடிக்கு அப்பால் இருப்பவனுக்கு முகம் தெரிய வேண்டுமே! அதற்காக ஏற்பட்டது அந்த அழுத்தமான பூச்சு. பிற்பாடு சினிமா வந்தது. சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தது 1910களின் பிற்பகுதியில். மௌனப் பட காலத்துப் படச்சுருளுக்கு ஒரு பார்வைக் கோளாறு உண்டு: அதற்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு அதில் கறுப்பாக விழும். வெட்கத்தால் சிவந்த கன்னம் கரி பூசியதுபோல் ஆகும். செவ்விதழ் கறுத்த இதழாகும். நீலக் கண் வெளிறி, குருட்டுக் கண்போலத் தோன்றும். ஆகவே அந்தக் காலத்து நடிகைகளை வெள்ளை வெளேரென்ற முகமும் கறுத்த உதடும் மை அப்பிய கண்ணுமாகப் பார்க்கிறோம். அது ஒரு ரசனை என்று நினைத்துக்கொண்டு உலகம் முழுவதும் பெண்கள் அதைப் பின்பற்றினார்கள். உண்மையில் ஒரு ரசாயனக் குறையைத்தான் பின்பற்றினார்கள்.

1920களின் பிற்பாதியில் எல்லா நிறங்களுக்கும் இணங்கும் சுருள் பரவிற்று. உடனே ஹாலிவுட்டின் மாக்ஸ் பாக்டர் பூச்சை மாற்றினார். போலந்திலிருந்து வந்து, விக் கட்டிப் பிழைக்க ஆரம்பித்தவர் அவர். பிறகு வண்ணப் படம் வந்தது. பழைய எண்ணெய்ப் பூச்சு அதில் பளபளத்துக் காரியத்தைக் கெடுத்தது. அதற்காக அவர் கம்பெனி 1937இல் கண்டுபிடித்ததுதான் ஈரப் பஞ்சால் பூசுகிற 'பான்கேக்'. படப்பிடிப்பு முடிந்ததும் நடிகைகள் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்! மறு வருஷம் கடைக்கு வந்துவிட்டது. நம் ஸ்டூடியோக்களில் அந்தப் பெயரே பூச்சுக்குப் பொதுப் பெயராகி, அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது.

திருகினால் மேலே வருகிற லிப்ஸ்டிக் குழாய்க்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தது 1923இல். அற்ப விஷயம்போல் தோன்றும். ஆனால் விரலால் தொட்டுப் பூச வேண்டிய சிமிழ், கண்ணாடி மேஜையை விட்டு நகராது. குழாய் கைப்பைக்குள் புகும். ஆபீசுக்கும் ரயிலுக்கும் வரும். முதல் உலக யுத்தத்தில் தொழிற்சாலைக்குப் போன ஐரோப்பியப் பெண், சம்பளம் என்று ஒன்றைக் கையில் வாங்கினாள். அவள் பாட்டி ரகசியமாகப் பூசியதை அவள் தெருவில் நின்று பூசினாள். இன்னொன்றும் நடந்தது. வேலைக்காரர்கள் வயலை விட்டு ஆலைக்குள் போனதால் வெளுத்துப் போனார்கள்; விடுமுறைக்குக் கடற்கரை போக வசதியுள்ளவர்கள் கறுத்தார்கள். கறுப்பே நாகரிகமாகிவிட்டது. வெயிலுக்கு அஞ்சி நீலகிரி ஏறியவர்களின் பேத்திகள், காசு கொடுத்து வெயிலில் கிடந்தார்கள்.

நம் நாட்டில் குடும்பப் பெண்ணின் பயம் மெல்லத்தான் தெளிந்தது. லீலா சிட்னிஸ் என்ற நடிகை 1941இல் லக்ஸ் சோப் விளம்பரத்தில் தோன்றினார். இந்திய நடிகைகளில் அவர்தான் முதல். நாடகக்காரி என்று எவளை ஒதுக்கினார்களோ அவளுடைய முகமே அங்கீகாரச் சீட்டாயிற்று. தாய்மாமா இருந்த தொழிற்சாலை இந்தக் கதையில் பின்னால் வருகிறது. 1960இல் பதிவாகி, பிரெஞ்சு உதவியோடு 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் மலைமேல் வைத்தார்கள். கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் செய்தார்கள். "சில பிலிமுக்குச் சிவப்பு விளக்கு போட்டுக்கலாம். அதுக்குத்தான் சிவப்பு தெரியாதே! சிலதுக்குக் கும்மிருட்டு. பக்கத்து மனுஷன் முகம் தெரியாமலே ஷிப்டு முடியும்" என்றார். ஊரெல்லாம் முகம் பார்த்துக்கொள்ள, முகம் தெரியாத இருட்டில் சிலர் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் உற்பத்தி ஆரம்பித்த சில வருஷங்களுக்குள் தமிழ்ப் படங்கள் வண்ணத்துக்கு மாறிவிட்டன. கறுப்பு வெள்ளையில் எந்தச் சாயமும் உதட்டுக்குப் போதும். வண்ணப் படத்தில் உதட்டுக்கும் புடவைக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். அப்புறம் டிஜிட்டல் காமிரா வந்து பிலிமையே ஒழித்தது, தொழிற்சாலையும் மூடிவிட்டது. இன்றைய காமிரா ரோமக் கண்ணைக்கூட விடாது. ஆகவே கோயமுத்தூரிலிருந்து மூன்று பெட்டி.

யுத்தம் என்றேன், அதற்கு மைசூர் சந்தன சோப்பே சாட்சி. 1914இல் ஐரோப்பாவில் சண்டை மூண்டதும் மைசூர்ச் சந்தனக் கட்டையை வாங்க ஆளில்லை. குவிந்த கட்டையை என்ன செய்வது? எண்ணெய் வடித்தார்கள், பெங்களூரில் 1916இல் அரசாங்க சோப் தொழிற்சாலை தொடங்கினார்கள். சோப்புச் செய்யும் கலையைப் படித்து வர எஸ்.ஜி. சாஸ்திரி என்ற ரசாயன நிபுணரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பெர்ன்ஹில் அரண்மனைக்கு உரியவரான நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ராஜ்யத்தில் நடந்த காரியம் இது. ஒரு தலைமுறைப் பெண்களின் கல்யாண வாசனை இப்படி ஏற்றுமதி முடக்கத்தில் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்நியச் செலாவணிப் பஞ்சம். வெளிநாட்டு லிப்ஸ்டிக்கும் கிரீமும் வாங்கிப் பணம் போகிறதே என்று நேருவே டாட்டாவிடம் பேசினார் என்பார்கள். 1952இல் 'லாக்மே' பிறந்தது. பெயர் ஒரு பிரெஞ்சு இசை நாடகத்தினுடையது. அதன் கதாநாயகி ஒரு பிராமணப் பெண். லக்ஷ்மி பாரிசுக்குப் போய் லாக்மே ஆகித் திரும்பி வந்தாள். லக்ஷ்மி என்றே வைத்திருந்தால் யாராவது உதட்டில் பூசியிருப்பார்களா?

ஒரு விஷயத்தை மட்டும் இந்த மாறுதல் எதுவும் அசைக்கவில்லை. சிவப்பழகுக் களிம்பு 1975இல் நம் கடைகளுக்கு வந்தது. 'பேர் அண்டு லவ்லி' என்ற அதன் பெயரிலிருந்த 'பேர்' 2020இல் 'குளோ' ஆயிற்று, பெயர்தான் மாறிற்று. நானும் பூசியிருக்கிறேன், ஏதோ ஒரு களிம்பை, கல்லூரி முதல் வருஷத்திலிருந்து ஐந்து வருஷம். என்னைப் பெண் பார்க்க வந்த முதல் வரனின் தாயார், என் கழுத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் பூசியதைக் கழுத்தில் பூச மறந்திருந்தேன். அந்தப் பார்வையை எந்தக் கதையிலும் இதுவரை எழுதவில்லை. இரண்டு இண்டர்மீடியட் பரீட்சைகளுக்கு உட்கார்ந்தபோதுகூட நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

இனிப் பாட்டியின் பதில்.

அவள் ஒப்பனைக்காரியை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பூசு கண்ணு" என்றாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது. நாவல் எழுதுகிறவளுக்கு வேறு பதில் வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேத்தியின் கல்யாணத்தில் பேத்தியின் போட்டோ நன்றாக விழ வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கிழவிக்கு வேறு வீம்பு இல்லை. ஒப்பனைக்காரி இரண்டு விதமான பூச்சைக் கலந்து, சுருக்கம் சுருக்கமாக ஒற்றி எடுத்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பாட்டியிடம் கண்ணாடியைக் கொடுத்தார்கள். அவள் தன்னைப் பார்த்தாள். தெரிந்தவர்கள் யாரையோ எங்கோ பார்த்ததுபோல இருந்தது அவள் முகம்.

"இது குத்தினப்போ எனக்கு என்ன வயசு தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள். "ஏழோ எட்டோ. ஊசியா முள்ளா, அது ஞாபகமில்லை. ரெண்டு பேர் காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்க அம்மா தலையைப் பிடிச்சுக்கிட்டா. அழாதே, இது இல்லாட்டி யாரும் உன்னைக் கட்டிக்க மாட்டாங்கன்னா."

மணப்பெண் இரண்டு கண்களையும் திறந்துவிட்டாள். மூன்று மணி நேர வேலை வீணாகிவிடும், அழக் கூடாது என்று ஒப்பனைக்காரி அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

படம் பிடித்து முடிந்து, சாப்பாட்டு வரிசையில் பாட்டியின் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சூடான ரசத்தின் ஆவியில் அவள் நெற்றி வியர்த்திருந்தது. துணிக் கட்டின் ஓரத்தால் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள். இடது பக்கத்துப் புள்ளிகள் இரண்டு வெளியே வந்திருந்தன. அந்தச் சின்னப் புட்டி என்ன விலை என்று கேட்டாள். விசாரித்து வைத்திருந்தேன், சொன்னேன்.

பாட்டி கையை நிறுத்தி, மனத்துக்குள் கணக்குப் போட்டாள். "உருளைக்கிழங்கு நல்ல விலை போகிற வருஷத்திலேயே மூணு மூட்டை ஆச்சே!" என்றாள். பிறகு பாயசம் எங்கே என்று பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டாள்.